கதவு மறைத்த சுவர்

பத்து வயதிலிருந்து செழியன் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினான். கேட்டுச் சிரிக்கிறவர்கள் முதலில் மாத்தளைக்குப் போய், எண்பத்து மூன்று ஆடியில் அங்கே வீடுகள் எப்படி எரிந்தன என்று விசாரித்துவிட்டு வந்து சிரிக்கட்டும். கொக்கோ மரங்களுக்கு அடியில் சருகோடு சருகாகப் படுத்துக்கிடந்து, தன் வீட்டுக் கூரை தீயோடு உள்ளே விழுவதைப் பார்த்த பிள்ளை அவன். அப்பன் அழகையா அவன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். கத்த வழியில்லாத கை, பக்கத்தில் கிடந்த அம்மாவின் தலைப்பைப் பிடித்தது. பிடித்த பிடியை அதற்குப் பிறகு அது விடவில்லை.

அதே பிள்ளை மீசை அரும்பி, ஓ.எல். பரீட்சையில் நல்லபடியாகப் பாஸ் பண்ணி, ஒருநாள் சோற்றுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து நின்றான்.

"அம்மா, இனி நான் தனியாப் படுத்துக்கிறேன். அந்த வெறகு ரூம எனக்குக் குடுங்க."

வடிவம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பிள்ளை முதன்முதலாக நடந்த நாளில்கூட அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. "அதுக்கென்னாடா, அரமன மாதிரி ஆக்கிருவோம்" என்றாள்.

வீடு கண்டியிலிருந்து வத்தேகமைக்குப் போகிற ரோட்டுக்கு மேலே, ஒரு மேட்டில் இருந்தது. மாத்தளையில் எரிந்தபிறகு வந்து குடியேறிய வீடு. சுற்றிலும் சிங்களக் குடும்பங்கள்தான். வேலிக்கு அந்தப் பக்கம் குசுமா. புருஷனை இழந்தவள், தையல் மெஷினை மிதித்து ஒரே மகனை வளர்க்கிறவள். அவள் சிங்களத்தில் "நங்கி" என்று கூப்பிடுவாள். வடிவம்மா தங்கச்சியாக "அக்கே" என்று சிங்களத்திலேயே பதில் கொடுப்பாள். குசுமாவின் மகன் சுனந்தவும் செழியனும் ஒட்டிப் பிறக்காத இரட்டைப் பிள்ளைகள். அவனுக்குத் தமிழ் ஓடாது, இவனுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு போனால் இருட்டினபிறகுதான் இரண்டும் வீடு திரும்பும்.

அது எண்பத்தொன்பதாம் வருஷம். அரசாங்கத்தைக் கவிழ்க்கப் புறப்பட்ட சிங்கள இளைஞர்கள், ஜே.வி.பி.காரர்கள், ஒரு பக்கம். அவர்களைத் தேடி இலக்கத் தகடு இல்லாத ஜீப்பில் திரிகிறவர்கள் மறுபக்கம். முன்னவர்கள் துண்டுக் கடதாசி அனுப்பினால் கண்டி டவுன் முழுக்கக் கடை பூட்டும். பின்னவர்கள் வந்து கடைக்காரனை அடித்து அதே கடையைத் திறக்க வைப்பார்கள். பூட்டினாலும் அடி, திறந்தாலும் அடி. மகாவலியில் பிணம் மிதந்து போனது. பேராதனைப் பாலத்தில் நின்று அதைப் பார்த்தவர்கள் ஆற்று மீன் வாங்குவதை விட்டார்கள். விடிந்தால் ஏதாவது ஒரு சந்தியில் டயர் புகைந்துகொண்டிருக்கும். டயருக்குள் யார் பெற்ற பிள்ளையோ கிடக்கும்.

இத்தனைக்கும் நடுவில் வடிவம்மாவின் வீட்டில் ஒரு நிம்மதி இருந்தது. சொல்ல வெட்கம்தான், ஆனாலும் இருந்தது. "இந்தத் தடவ நம்ம முறை இல்ல" என்று அழகையா பீடியை இழுத்துக்கொண்டு சொல்வான். "இது அவங்களுக்குள்ள சண்ட. நமக்கென்னா?" ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இவர்கள் கொண்டாடவில்லை. ஆனால் வருஷா வருஷம் அடி வாங்கிக் காய்த்துப்போன முதுகுக்கு, அடி பக்கத்து முதுகில் விழும்போது கொஞ்சம் மூச்சு விடத் தோன்றாதா? தோன்றியது. மூச்சு விட்டார்கள். பிள்ளைக்கு அறை ஜோடிக்க இதைவிட நல்ல நேரம் வராது என்றும் நினைத்தார்கள். புத்தி கெட்ட நினைப்பு அது. ஆனால் அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

அழகையா வேலை செய்தது கண்டி டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில். லொறி வராததால் கடையில் வெள்ளைப் பெயின்ட் இல்லை, நீலம் இல்லை, பச்சை இல்லை. சிவப்பு மட்டும் ஒரு டின் மூலையில் கிடந்தது. முதலாளி ஹாஜியார் அதைத் தானே தூக்கி அவன் கையில் வைத்தார்.

"சும்மா கொண்டுபோங்க அழகையா. இந்த நேரத்துல சிவப்ப கடைல வச்சிக்கவே பயமா ஈக்குது. செவுத்துல எழுதுறவனுகளும் இதத்தானே தேடுறானுகள்."

கேட்டவன் அந்த டின்னை அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும். ஆனால் தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதல்லவா? அழகையா அதைக் கடதாசியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். செழியன் துள்ளிக் குதித்தான். ஏதோ ஒரு வெளிநாட்டுப் புத்தகத்தில் அவன் ஒரு பொடியனின் அறையைப் பார்த்திருந்தான். மூன்று சுவர் வெள்ளை, ஒரு சுவர் மட்டும் சிவப்பு. அதேபோல வேண்டும் என்று அவன் ஏற்கெனவே மனக்கோட்டை கட்டியிருந்தான். கேட்டதும் சிவப்பு, கிடைத்ததும் சிவப்பு. கடவுள் கண்ணைத் திறந்துவிட்டார் என்று வடிவம்மா நினைத்துக்கொண்டாள்.

அறையைப் பிள்ளைகள் இருவருமாகத்தான் செய்தார்கள். பள்ளிக்கூடம் மூடியிருந்தது, வேறு என்ன வேலை? விறகை இறவாரத்துக்கு மாற்றினார்கள். புகைக் கரியைச் சுரண்டி எடுத்தார்கள். மூன்று சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். தேயிலைப் பெட்டிப் பலகையில் புத்தகத் தட்டு ஒன்று செய்தார்கள். அது ஒரு பக்கம் சாய்ந்துதான் நின்றது. பேப்பரில் வெட்டிய கிரிக்கெட் படங்களைக் கோதுமை மாப் பசையால் ஒட்டினார்கள். அழகையா எங்கிருந்தோ ஒரு பழைய கட்டிலைக் கொண்டுவந்தான். குசுமா தன்னுடைய வெள்ளைச் சேலை ஒன்றைக் கிழித்து, ஓரத்தில் நீலப் பட்டி வைத்து, ஜன்னலுக்குத் திரை தைத்துக் கொடுத்தாள். வடிவம்மா புது இலவம் பஞ்சு அடைத்து ஒரு தலகாணி செய்தாள். உறையில் பூவேலையும் போட்டாள். "பொம்பளப் புள்ளைக்கா செய்றீங்க?" என்று செழியன் முகத்தைச் சுளித்தான். ஆனாலும் அதைத் தலைக்கு வைத்துப் பார்த்துக்கொண்டான்.

ஒரே ஒரு குறை. விறகு அறையாக இருந்தபடியால் தாழ்ப்பாள் வெளியே இருந்தது. உள்ளே மாற்றித்தரச் சொல்லிச் செழியன் அப்பனை நச்சரித்தான். "அடுத்த கெழம ஸ்குரு கொண்டாறேன்" என்று அழகையா சொல்லிக்கொண்டே இருந்தான். அடுத்த கிழமை பஸ் ஓடவில்லை. கடிதம் வந்துவிட்டதாம், ஓட்டினால் சுடுவார்களாம். வேலைக்குப் போனவன் டவுனிலேயே மாட்டிக்கொண்டு, ஹாஜியாரின் கடைக்குள் படுத்துக்கொண்டான்.

சிவப்புச் சுவரை அடித்து முடித்த பின்னேரம், பிள்ளைகள் இருவரும் கதவுக்குப் பின்னால் போய்க் குசுகுசுத்தார்கள். வடிவம்மா எட்டிப் பார்த்தாள். அறைக் கதவு உள்பக்கமாகத் திறந்து வெள்ளைச் சுவரோடு போய்ச் சாயும். அந்தக் கதவு மறைக்கிற இடத்தில், புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில், இரண்டு சிவப்புக் கைகள் பதிந்திருந்தன. ஒன்று செழியனுடையது. மற்றது சுண்டுவிரல் வளைந்த கை. சின்ன வயதில் மரத்தில் ஏறி விழுந்து சுனந்தவுக்கு அந்த விரல் கோணிப்போயிருந்தது.

"அட கிறுக்குப் பயலுகளா! வெள்ள அடிச்ச செவத்தக் கெடுத்துட்டீங்களே!"

"கதவத் தொறந்து வச்சா தெரியாதும்மா" என்று செழியன் சிரித்தான்.

அவள் ஏசினாளே தவிர, மனதுக்குள் அதுதான் அந்த அறையிலேயே அழகாகப் பட்டது. பிறகு பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு மண்ணெண்ணெய் கேட்டார்கள். எனாமல் பெயின்ட் சவர்க்காரத்துக்குப் போகாது, மண்ணெண்ணெய் போட்டுத்தான் துடைக்க வேண்டும். போத்தலின் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. கடைகள் பூட்டிக் கிடக்கின்றன, கரன்ட் லைட் எரியக்கூடாது என்றும் அடிக்கடி கடிதம் வரும். விளக்குக்கு என்ன செய்வது?

"கையில கெடந்தா என்னா, கடிக்குதா? நாளைக்கித் தொடச்சிக்கலாம் போங்க" என்று வடிவம்மா போத்தலை அடுப்படிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலையில் மேட்டுக்குக் கீழே ரோட்டு மதகில் சிவப்பில் எழுதியிருந்தது. துரோகிகளுக்கு மரணம் என்று சிங்களத்தில் பெரிய பெரிய எழுத்து. யார் எழுதினார்கள், எப்போது எழுதினார்கள், ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தாலும் யார் வாயைத் திறக்கப் போகிறார்கள்? வெயில் ஏறுவதற்குள் ஜீப்புகள் வந்தன.

ஆம்பிளைப் பிள்ளைகள் எல்லோரும் விளையாட்டுத் திடலுக்கு வர வேண்டும் என்று கத்தினார்கள். வராதவனை வீட்டிலேயே சுடுவோம் என்றார்கள். சீருடை போட்டவனும் இருந்தான், காற்சட்டையும் பூப்போட்ட சேர்ட்டுமாக நின்றவனும் இருந்தான். யாருடைய ஆட்கள் என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. செழியனின் பிடரியில் துவக்குப் பிடியால் இடித்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். வடிவம்மாவும் குசுமாவும் பின்னாலேயே ஓடினார்கள்.

திடலில் பொடியன்களை முழந்தாளில் நிறுத்தி, கைகளை முன்னால் நீட்டச் சொன்னார்கள். ஒருவன் வரிசையாகக் கைகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டு வந்தான். சேற்றுக் கை, ரப்பர்ப் பால் ஒட்டிய கை, கிரீஸ் கை. சுனந்தவுக்கு முன்னால் நின்றான். பக்கத்தில் செழியன். நகக் கண்ணிலும் ரேகையிலும் இருவருக்கும் சிவப்பு.

அவன் ஒன்றும் கேட்கவில்லை. செழியனின் வலது கையைத் தரையில் வைத்து அதன்மேல் சப்பாத்தால் ஏறி நின்று திருகினான். விரல் முறிகிற சத்தம் திடல் வேலிக்கு இந்தப்பக்கம் நின்ற வடிவம்மாவுக்குக் கேட்டது. செழியன் கத்த வாயைத் திறந்தபோது வாயிலேயே துவக்குப் பிடி விழுந்தது. அடுத்ததாகச் சுனந்தவின் வயிற்றில் உதைத்தார்கள். விழுந்தவனைத் தலைமயிரில் பிடித்து நிமிர்த்தி, மீண்டும் உதைத்தார்கள். "நாங்க ரூமுக்குப் பெயின்ட் அடிச்சோம், மாத்தயா! ரூமுக்கு!" என்று சுனந்த கதறினான். குசுமா மண்ணில் விழுந்து புரண்டாள். அவளை ஒருவன் காலால் ஒதுக்கினான்.

வடிவம்மா எப்படியோ வேலியைப் பிரித்துக்கொண்டு உள்ளே போய், அங்கே பெரியவன் போலத் தெரிந்த மனிதனின் காலைப் பிடித்தாள். மெல்லிய, கறுத்த மனிதன்; கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"மாத்தயா, எங்க வூட்டுல வந்து பாருங்க. எம் புள்ள அவன் ரூமுக்கு அடிச்ச பெயின்ட். டின்னு இருக்கு, செவுரு இருக்கு. நாங்க தமிழ் ஆளுக மாத்தயா. இது எங்க சண்ட இல்ல. மாத்தளையில எங்க வூட்டக் கொளுத்துனாங்க, அப்பக்கூட நாங்க ஒரு கல்லு எடுக்கல."

அவள் சிங்களம் நல்ல சிங்களம். அந்த மனிதன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு என்ன தோன்றியதோ, "காட்டு" என்றான். செழியனை இரண்டு பேர் இழுத்துவந்து ஜீப்பில் எறிந்தார்கள். சுனந்தவைத் திடலிலேயே முழந்தாளில் விட்டார்கள்.

வீட்டு வாசலில் ஜீப் நின்றது. செழியன் ஜீப்பிலேயே கிடந்தான், முகம் இரத்தமாக. பெரியவன் மட்டும் வடிவம்மாவின் பின்னால் உள்ளே வந்தான். சப்பாத்தோடு அறைக்குள் ஏறினான். அவள் அவனுக்கு முன்னால் கதவைத் தள்ளிச் சுவரோடு சாய்த்துவிட்டு, கதவில் முதுகை ஊன்றிக்கொண்டு நின்றாள். விழாமல் நிற்கத்தான் ஊன்றினாள். அப்போது அவள் மனதில் வேறு எதுவும் இல்லை.

அவன் சிவப்புச் சுவரைப் பார்த்தான். விரலால் தொட்டுப் பார்த்தான். இன்னும் சரியாகக் காயவில்லை, ஒட்டியது. டின்னைக் காலால் உருட்டினான். கிரிக்கெட் படங்களைப் பார்த்து, ஒரு ஆட்டக்காரனின் பெயரைச் சொல்லி, "நல்ல பந்துவீச்சு" என்றான். தலகாணியில் இருந்த பூவேலையைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தான்.

"சரி. உன் மகன் அடித்திருக்கிறான்." கைக்குட்டையில் விரலைத் துடைத்தான். "மற்றவனும் இங்கேதான் அடித்தேன் என்கிறான். சிங்களப் பொடியனுக்குத் தமிழ் வீட்டில் என்ன வேலை? உங்கள் வீட்டில் கூட்டம் கூடுகிறார்களா?"

"இல்ல மாத்தயா!"

"அப்படியென்றால் அவன் இங்கே வந்தானா, வரவில்லையா?"

வடிவம்மாவின் முதுகுக்குப் பின்னால் கதவு. கதவுக்குப் பின்னால் கை. வந்தான் என்றால் இரண்டு பேரையும் விடுவான். அல்லது சிங்களப் பொடியனும் தமிழ்ப் பொடியனும் சிவப்பு டின்னை வைத்துக்கொண்டு ஒரு வீட்டில் கூடினார்கள் என்று இரண்டு பேரையும் கொண்டுபோவான். எதைச் செய்வான் என்று அந்தக் கறுத்த முகத்தில் எழுதியிருக்கவில்லை. சுனந்த ராத்திரியில் யாரோடோ திரிகிறான் என்று கடைத்தெருவில் ஒரு பேச்சும் இருந்தது. உண்மையோ பொய்யோ, அதை அவளும் கேட்டிருந்தாள். வாசலில் ஜீப்புக்குள் தன் பிள்ளை முனகுவது கேட்டது.

"வரல" என்றாள். "அந்தப் பையன் எங்க வூட்டுப் பக்கமே வாறதில்ல மாத்தயா."

அவன் தலையை ஆட்டினான். அவள் கதவை விட்டு நகரவில்லை. அவன் படியிறங்கி, ஜீப்பில் கிடந்தவனைக் காலரில் பிடித்து இழுத்து முற்றத்தில் போடச் சொல்லிவிட்டு, ஜீப்பைத் திடலுக்குத் திருப்பச் சொன்னான்.

செழியனுக்கு முன்பல் இரண்டு போயிருந்தது. முறிந்த விரல்களை விறகுச் சிராயில் வைத்துத் துணியால் கட்டினாள். போத்தலில் மிச்சமிருந்த மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் ஊற்றி அவன் கையில் இருந்த சிவப்பைத் துடைத்தாள். இப்போது துடைத்தாள், சண்டாளி! நேற்று ஒரு சிரட்டை கொடுத்திருந்தால் இது ஒன்றுமே இல்லை. அதை நினைத்து நெஞ்சில் அறைந்துகொண்டாள்.

"சுனந்த?" என்றான் செழியன், வீங்கிய வாயால்.

"விட்டுருவாங்கப்பா. நீ பேசாம படு."

அவன் தன் அறைக் கட்டிலில் படுத்தான். அந்தக் கட்டிலில் அவன் படுத்தது அதுதான் முதல் தடவை.

பின்னேரம் குசுமா வந்தாள். தலை விரிந்து, சட்டை மண்ணாக, ஒரு காலில் செருப்பில்லாமல் வந்தாள். சுனந்தவைக் கொண்டுபோய்விட்டார்கள். மேலே தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில்தான் வைத்திருக்கிறார்களாம். கிராமத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், சாட்சி சொல்ல ஆள் வந்தால் விடுவார்களாம்.

"வா நங்கி, போவோம். நீ கண்ணால பாத்தவ. நான் தச்ச திரை அங்க தொங்குது. நீ சொன்னா நம்புவாங்க, உன் புள்ளைய விட்டாங்களே!" அவள் வடிவம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

வடிவம்மா எப்படிப் போவாள்? காலையில் வரவில்லை என்றவள் பின்னேரம் வந்தான் என்றால், காலையில் சொன்னது பொய். பொய் சொன்னவளின் பிள்ளையை அவர்கள் சும்மா விடுவார்களா? ஒரு "வரல" என்ற சொல்லால் சுனந்தவின் கழுத்தில் கயிற்றைப் போட்டிருந்தாள். அதை அவிழ்த்தால் அதே கயிறு செழியனின் கழுத்தில் விழும். இதை எந்த வாயால் அக்கேக்குச் சொல்வாள்?

"எனக்குப் பயமா இருக்கு அக்கே" என்று மட்டும் சொன்னாள்.

அறை வாசலில் செழியன் நின்றான். எப்போது எழுந்து வந்தான் என்று தெரியாது.

"பயப்பட என்னா இருக்கு? நான் வாறேன். அவன் கை இங்க செவுத்துல இருக்கே. அத வந்து பாக்கச் சொல்லுவோம்." தாயின் முகத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். "அம்மா, அந்த ஆள் உள்ள வந்தானே. சுனந்தவப் பத்திக் கேட்டானா?"

வடிவம்மா குசுமாவைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கேட்டானாம்மா?"

தமிழில்தான் கேட்டான். ஆனால் அந்தக் கேள்வி புரிய மொழி தேவைப்படவில்லை. குசுமாவின் கை வடிவம்மாவின் கையை விட்டது.

செழியன் திரும்பி அறைக்குள் போனான், சேர்ட்டை எடுத்து மாட்டிக்கொள்ள. ஒரு கை கட்டுப்போட்டிருந்ததால் தடுமாறினான். அந்தத் தடுமாற்றம்தான் அவன் உயிரைக் காப்பாற்றியது என்று சொல்ல வேண்டும். வடிவம்மா பாய்ந்து கதவை இழுத்துச் சாத்தி, வெளித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

"அம்மா! தொறங்கம்மா!" கதவு அதிர்ந்தது. "அவன் செத்துருவாம்மா! தொற!" முறிந்த கையாலும் அடிக்கிறான் என்று சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்தது. ஜன்னலில் இரும்புக் கம்பி. அந்த அறையிலிருந்து வெளியே வர வேறு வழி இல்லை.

அவள் கதவுக்கு முன்னால் குந்திக்கொண்டாள். குசுமா நின்றாள். நின்றவள் மெதுவாக வந்து, வடிவம்மாவின் தலைக்கு மேலாகக் கையை நீட்டித் தாழ்ப்பாளைப் பிடித்தாள். வடிவம்மா தடுக்கவில்லை. தடுக்கும் யோக்கியதை தனக்கு இல்லை என்று தெரிந்து தலையைக் குனிந்துகொண்டாள். உள்ளே செழியன் குசுமாவை அத்தை முறை சொல்லிச் சிங்களத்தில் கத்தினான்: "தொறங்க நெந்தே! நான் வாறேன், நான் சொல்றேன்!"

குசுமாவின் கை தாழ்ப்பாளில் இருந்தது. இழுத்தால் வந்துவிடும். அவள் இழுக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் கத்துவது ஒரு பிள்ளை. அதை அவளும் அறிவாள். கையை எடுத்துவிட்டு, இறங்கி, மற்றச் செருப்பையும் முற்றத்திலேயே கழற்றிவிட்டுத் தனியாகத் தோட்டத்து ரோட்டில் ஏறிப் போனாள். அவளைக் கேட்டிலேயே துரத்திவிட்டார்கள்.

விடிந்தபோது மதகில் புகை எழும்பியது. எழுதியிருந்த எழுத்துக்குக் கீழேயே டயரை அடுக்கியிருந்தார்கள். முகம் இல்லை. கையைப் பார்த்துத்தான் குசுமா பிள்ளையை அடையாளம் சொன்னாள், சுண்டுவிரல் கோணியிருந்தது. அவள் போட்ட ஓலத்தில் மேட்டில் இருந்த எல்லா வீட்டுக் கதவும் மூடிக்கொண்டது. ஒருவரும் வெளியே வரவில்லை. பயம்.

வடிவம்மா அப்போதுதான் தாழ்ப்பாளைத் திறந்தாள். கதவின் உள்பக்கம் செழியன் அடித்த இடமெல்லாம் இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. அவன் கட்டிலில் இல்லை. கதவுக்குப் பின்னால் இருந்த சுவரில், அந்த இரண்டு கைகளுக்கும் கீழே, முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தான். எழுந்தான். அவளைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. அடித்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவளைக் கடந்து, வேலியில் ஆள் நுழைகிற பொட்டு வழியாகக் குசுமாவின் வீட்டுக்குப் போனான்.

அன்று வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. பஸ் ஓடத் தொடங்கி அழகையா வந்து, விஷயத்தைக் கேட்டு, வேலி ஓரத்தில் நின்று மகனைக் கூப்பிட்டுப் பார்த்தான். செழியன் குசுமாவுக்கு விறகு பிளந்துகொண்டிருந்தான், இடது கையால். நிமிர்ந்து பார்க்கவில்லை. அழகையா உள்ளே வந்து, மடியில் கொண்டுவந்த ஸ்குருவை மேசையில் வைத்துவிட்டு, பெண்டாட்டியைப் பார்க்க முடியாமல் பீடியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். நீ செய்தது சரி என்றும் அவன் சொல்லவில்லை, பிழை என்றும் சொல்லவில்லை.

பிள்ளை உயிரோடு இருக்கிறான். வேலிக்கு அந்தப் பக்கம் அவன் இருமினால் கேட்கும், தண்ணீர் அள்ளினால் கேட்கும். அதற்காகத்தானே செய்தாள்? மறுபடியும் அந்த மனிதன் வந்து அதே கேள்வியைக் கேட்டால் அதே பதிலைத்தான் சொல்லுவாள். அதுவும் அவளுக்குத் தெரியும். தெரிந்ததுதான் அவளைத் தின்றது.

மழை பிடித்த ஒரு பின்னேரம் குசுமா வேலிப் பொட்டால் வந்தாள். வெள்ளைச் சேலை, தலையில் ஈரம். வடிவம்மா எழுந்து நின்றாள். காறித் துப்பினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றாள். குசுமா துப்பவில்லை.

"சுனந்தட கட்டில்லதான் படுக்கிறான். நேத்து ராத்திரி என் சேலை நுனியப் புடிச்சிக்கிட்டுத் தூங்கினான். தலகாணிய மட்டும் வேணாங்கிறான். அது சுனந்தட தலகாணியாம், அதுல தல வைக்க மாட்டானாம். அவன்ட தலகாணியத் தா."

வடிவம்மா அறைக்குள் போனாள். பூவேலை போட்ட தலகாணியை எடுத்தாள். ஒரு தடவை முகத்தில் அழுத்திக்கொண்டு, கொண்டுவந்து கொடுத்தாள். குசுமா அதை மழை படாமல் சேலைக்குள் வைத்து மூடினாள்.

போகத் திரும்பியவள் அறையை எட்டிப் பார்த்தாள். காற்றில் அவள் தைத்த திரை விலகி, சாரல் உள்ளே அடித்துக் கட்டில் நனைந்துகொண்டிருந்தது.

"ஜன்னல மூடி, கதவையும் சாத்து நங்கி" என்றாள். "எல்லாம் நனையுது."

வடிவம்மா ஜன்னலை மூடினாள். கதவைச் சாத்தவில்லை. அன்றைக்கும் சாத்தவில்லை, அந்த வீட்டில் இருந்த காலம் வரைக்கும் அதை ஒரு நாளும் சாத்தவில்லை.